4பிபி, 3பிசி என்று எழுதிய முளையங்களை வைக்கலாமா?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்து ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. வயது 34. கொழும்பில் ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தையும் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கும் சிகிச்சை) செய்து மூன்று முளையங்கள், அதாவது ஆரம்பக் கருக்கள், கிடைத்திருக்கின்றன. முதலில் கருப்பைக்குள் வைத்த 4ஏஏ தங்கவில்லை. உறைய வைத்திருப்பவற்றில் ஒன்று 4பிபி, மற்றது 3பிசி. "நல்லதே தங்காதபோது இந்த இரண்டையும் வைத்துப் பயன் உண்டா? திரும்ப முட்டை எடுக்க வேண்டுமா? இரண்டையும் ஒன்றாக வைத்தால் என்ன? போன தடவை வீட்டுக்கு மேடு ஏறி இறங்கியதால்தான் கரு போய்விட்டது என்று மாமி சொல்கிறார், அது உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அது உண்மை இல்லை. நீங்கள் மேடு ஏறியதால் எதுவும் போகவில்லை. இருக்கும் இரண்டு முளையங்களையும் வைக்கத்தான் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக, 4பிபியை முதலில். புதிதாக முட்டை எடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். ஏன் என்பதை விளக்குகிறேன். எந்த வைத்தியரிடம் போனாலும் இந்த விளக்கம் கையில் இருப்பது நல்லது.

அந்த எண்ணும் எழுத்துகளும் எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம். முட்டையும் விந்தும் சேர்ந்து 16 முதல் 18 மணித்தியாலத்தில் கருக்கட்டியதா என்று பார்ப்பார்கள். உள்ளே இரண்டு சிறு வட்டங்கள் தெரிய வேண்டும், தாயுடையது ஒன்று, தந்தையுடையது ஒன்று. மூன்று தெரிந்தால் அதை வைப்பதில்லை. இரண்டாம் நாள் 4 கலங்கள், மூன்றாம் நாள் 8 கலங்கள், நான்காம் நாள் எல்லாம் ஒட்டித் திரண்ட ஓர் உருண்டை, ஐந்தாம் நாள் நடுவில் நீர் நிறைந்த பிளாஸ்டோசிஸ்ட். உங்கள் அறிக்கையில் இருப்பது இந்த ஐந்தாம் நாள் தரம். கார்ட்னர் முறை என்பார்கள், 1999 முதல் புழக்கத்தில் உள்ளது.

முதல் எண் முளையம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. 1 என்றால் நீர்க்குழி பாதிக்கும் குறைவு. 3 என்றால் உள்ளே முழுக்க நிறைந்துவிட்டது. 4 என்றால் முளையம் விரிந்து, அதன் வெளி ஓடு மெலிந்துவிட்டது. 5 ஓட்டிலிருந்து வெளியேறிக்கொண்டிருப்பது, 6 முழுதாக வெளியே வந்தது. அடுத்த எழுத்து, பிள்ளையாக வளரப்போகும் உட்கலத் திரளுக்கு. கடைசி எழுத்து, சூல்வித்தகமாக (நஞ்சுக்கொடியாக) மாறப்போகும் வெளிக்கலப் படைக்கு. ஏ என்றால் கலங்கள் நிறைய, நெருக்கமாக இருக்கின்றன. பி என்றால் கொஞ்சம் குறைவு, தளர்வு. சி என்றால் மிகச் சில. ஆக உங்கள் 3பிசியில் பிள்ளைக்குரிய பகுதி 4பிபியில் உள்ளதைப் போன்றதே. வெளிக்கலப் படைதான் மெல்லியது.

இதில் 3க்கும் 4க்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதாக நினைக்க வேண்டாம். அது சில மணித்தியால வித்தியாசம். காலையில் 3 என்று எழுதியது மாலையில் 4 ஆகியிருக்கலாம். பி, சி என்பதும் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் ஆளின் கண் மதிப்பீடு; ஒரே முளையத்துக்கு இரண்டு நிபுணர்கள் வேறு எழுத்துப் போடுவது சாதாரணம். தேயிலைத் தொழிற்சாலையில் பி.ஓ.பி., பெக்கோ என்று பிரிப்பது இலைத் துகளின் அளவையும் தோற்றத்தையும் பார்த்து. குடிக்கும்போது வரும் சுவையை அந்தப் பெயர் முழுதாகச் சொல்லிவிடாது. முளையத்தின் தரமும் அப்படித்தான். எதை முதலில் வைப்பது என்று வரிசைப்படுத்த அது நன்றாக உதவும். பிள்ளை வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்ல அதனால் முடியாது.

காரணம், முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு முளையம் தங்குமா என்பதை எல்லாவற்றையும் விட அதிகமாகத் தீர்மானிப்பது, மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கை. 46 இருக்க வேண்டிய இடத்தில் 45 அல்லது 47 இருந்தால் பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் சில வாரங்களில் கலையும். அழகான 4ஏஏயிலும் இந்தக் குறை இருக்கலாம், சுமாரான 3பிசியில் எல்லாம் சரியாக இருக்கலாம். இந்தப் பிழை பெரும்பாலும் முட்டையிலிருந்து வருகிறது. ஒரு பெண்ணின் முட்டைகள் அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிப் பாதி வழியில் நிறுத்தி வைக்கப்பட்டவை. 34 வயதுப் பெண்ணின் முட்டை 34 வருடம் காத்திருந்து, கடைசி நேரத்தில் நிறமூர்த்தங்களைப் பிரிக்கிறது. 35 வயதுவாக்கில் பிளாஸ்டோசிஸ்ட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் குறை இருக்கும், 40இல் பாதிக்கு மேல், 43இல் நான்கில் மூன்றுக்கும் மேல். நீங்கள் சாப்பிட்டது, நடந்தது, கோபப்பட்டது எதற்கும் இதில் பங்கில்லை.

எண்ணிக்கை குறைவாக வந்ததற்கும் வருந்த வேண்டாம். 12 முட்டை எடுத்தால் 9 அல்லது 10 முதிர்ந்திருக்கும், அதில் 6 அல்லது 7 கருக்கட்டும், அவற்றில் பாதிதான் ஐந்தாம் நாளைத் தொடும். மூன்று பிளாஸ்டோசிஸ்ட் என்பது நடுத்தரமான, இயல்பான விளைச்சல்.

இனி வாய்ப்புக் கணக்கு. ஒரேயொரு முளையத்தை வைத்த 10,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த பல நாட்டு ஆய்வொன்றில், நல்ல தரத்துக்கு நூற்றுக்குச் சுமார் 44 பேர் உயிருள்ள பிள்ளை பெற்றார்கள், பிபி போன்ற நடுத்தரத்துக்கு 39 பேர், சி எழுத்து உள்ளவற்றுக்கு 30 பேர். மூன்று எண்களையும் ஒன்றாகப் பாருங்கள். மிக நல்லதை வைத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தத் தடவை பிள்ளை கிடைக்கவில்லை. எனவே உங்கள் 4ஏஏ தங்காமல் போனது உங்கள் கருப்பையில் ஏதோ கோளாறு என்பதற்கான சான்று ஆகாது. அதே நேரம் சி என்று எழுதியவற்றிலும் பத்துக்கு மூன்று பிள்ளையாகியிருக்கின்றன, அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஆரோக்கியமானவர்கள். உங்கள் இரண்டையும் தனித்தனியாக வைத்தால், இந்த எண்களின்படி குறைந்தது ஒன்றாவது தங்குவதற்கான வாய்ப்பு 57 வீதம் அளவில் வரும். நீங்கள் ஏற்கெனவே பணமும் வலியும் கொடுத்து உண்டாக்கிய வாய்ப்பு அது. அதை உறைகுளிரில் விட்டுவிட்டு மறுபடி முட்டை எடுக்கப் போவது, கடனுக்கு நகை வைத்துச் சிகிச்சை செய்யும் குடும்பத்துக்கு நியாயமான ஆலோசனை அல்ல. இதற்கு விலக்கு உண்டு. வயது 38ஐத் தாண்டியிருந்து, சூலகத்தில் முட்டை எவ்வளவு மீதியிருக்கிறது என்று காட்டும் ஏ.எம்.எச். அளவு மிகக் குறைந்து, இரண்டு மூன்று பிள்ளைகள் வேண்டும் என்றிருந்தால், முதலில் முட்டை சேர்த்துக்கொள்வது பற்றி வைத்தியரிடம் பேசலாம். 34இல் அந்த அவசரம் பெரும்பாலும் இல்லை.

இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம். நல்லதோடு தரம் குறைந்த ஒன்றைச் சேர்த்து வைப்பதால் பிள்ளை கிடைக்கும் வாய்ப்புப் பெரிதாக ஏறுவதில்லை. இரட்டைப் பிள்ளை உண்டாகும் வாய்ப்பு மட்டும் ஏறும். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் நிரம்பும் முன்பே பிறக்கிறார்கள். தாய்க்கு உயர் இரத்த அழுத்தமும், பேற்றுக்குப் பின் அதிக இரத்தப்போக்கும் கூடுகின்றன. ஏழாம் மாதத்தில் நடு இரவில் வலி வந்தால் பொகவந்தலாவையிலிருந்து குறைமாதப் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சை வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட பாதை, எந்த வாகனம் என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும். மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒற்றை முளையம் என்பதை நான் இரண்டு மடங்கு அழுத்திச் சொல்வேன்.

கணவரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பிள்ளை இல்லை என்றால் பேச்சு முழுவதும் பெண்ணின் மேல் விழுகிறது, பரிசோதனைகளும் அப்படியே. ஆனால் மூன்றாம் நாள் வரை முளையம் முட்டையின் சேமிப்பை வைத்தே வளர்கிறது, 4 முதல் 8 கலம் ஆகும் வேளையில்தான் அதன் சொந்த மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன, தந்தையுடையவையும் சேர்த்து. மூன்றாம் நாள் அழகாக இருந்த முளையங்கள் பல ஐந்தாம் நாளுக்குள் நின்றுபோனால் விந்தின் பக்கமும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்திடம் மூன்றாம் நாள் எத்தனை இருந்தன, ஐந்தாம் நாள் எத்தனை இருந்தன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், அசைவு 42 வீதம், சரியான உருவம் 4 வீதம் என்பவை கீழ் எல்லைகள். இவை சரியாக இருந்தும் விந்தின் டி.என்.ஏ. உடைந்திருக்கலாம், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள் முகமூடி, கையுறை, பூட்ஸ் இல்லாமல் களைநாசினியும் பூச்சிநாசினியும் அடிப்பது, உடுப்போடு வீட்டுக்கு வருவது, தொழிற்சாலையில் ட்ரையரின் சூட்டில் நாள் முழுக்க நிற்பது, புகையிலை போட்டு வெற்றிலை மெல்லுவது, சாராயம், பீடி, சிகரெட், இவை எல்லாம் விந்தைக் கெடுக்கக்கூடியவை. விந்து உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும், எனவே இன்று நிறுத்தினால் பலன் மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தெரியும். இப்போது உறைந்திருக்கும் இரண்டு முளையங்களுக்கு இது உதவாது. இன்னொரு தடவை முட்டை எடுக்கும் நிலை வந்தால் உதவும், அதனால் இப்போதே தொடங்க வேண்டும். பெண்கள் போடும் வெற்றிலை புகையிலைக்கும் இதே பேச்சுத்தான், முட்டையையும் அது கெடுக்கிறது.

அப்படி மறுபடி முட்டை எடுக்க நேர்ந்தால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசிக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையே 34 முதல் 36 மணித்தியாலம் இருக்க வேண்டும். திங்கள் இரவு 10 மணிக்கு ஊசி என்றால் புதன் காலை 8க்கும் 10க்கும் இடையே முட்டை எடுப்பார்கள். ஊசி பிந்திவிட்டால் முட்டைகள் முதிராமல் வரும், முந்திவிட்டால் எடுப்பதற்கு முன்பே உதிர்ந்துவிடக்கூடும். "முட்டை நிறைய வந்தது, முதிர்ந்தது குறைவு" என்று அறிக்கை வந்தால் முதலில் அந்த ஊசியின் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்த மூன்று நாட்களும் கொழும்பில் உறவினர் வீட்டிலாவது தங்கிவிடுங்கள், கினிகத்தேனைப் பாதையில் மண் சரிந்தால் காத்திருக்கும் விஷயம் இது அல்ல. அடுத்தது, ஊசிகள் தொடங்கி ஆறேழு நாளில் சூலகம் பெரிதாகிவிடும். அப்போது கொழுந்து மூட்டை, தண்ணீர்க் குடம், விறகு போன்ற பாரங்களைத் தூக்கினால் சூலகம் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முட்டை எடுத்து இரண்டு வாரம் வரை இந்தக் கட்டுப்பாடு தொடர வேண்டும். மேடு ஏறுவதைப் பற்றிய பயம் நியாயமாக இருப்பது இந்தக் கட்டத்தில்தான், முளையம் வைத்த பிறகு அல்ல.

4பிபியை வைக்கும் முன் உங்கள் பக்கம் செய்து முடிக்க வேண்டியவை சில. கருப்பையின் உள்ளே பொலிப் என்ற சதை வளர்ச்சி, உட்புறம் தள்ளும் நார்க்கட்டி, ஒட்டுகள் இல்லை என்று நீர் செலுத்திய ஸ்கேன் அல்லது கமரா மூலம் உறுதிசெய்ய வேண்டும். பலோப்பியன் குழாயில் நீர் கோத்திருந்தால் அதை எடுத்துவிட அல்லது அடைத்துவிட வேண்டும். அந்த நீர் கருப்பைக்குள் வடிந்து வெற்றியைப் பாதியளவு குறைத்துவிடும். நான் கண்டிப்பாகக் கேட்கச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் எத்தனை நல்ல முளையம் வைத்தாலும் இது வீணாக்கிவிடும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அது சத்தமில்லாமல் குழாயையும் கருப்பை உட்படையையும் தாக்கக்கூடியது. தைரொயிட், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு எடுத்தால் உடம்பில் சேராது, தேநீருக்கு ஒரு மணித்தியாலம் முன்போ இரண்டு மணித்தியாலம் பின்போ எடுங்கள். ஃபோலிக் அமிலம் இப்போதே தொடங்கியிருக்க வேண்டும், உங்கள் பகுதி மருத்துவமாதுவிடமே கிடைக்கும்.

கருப்பை உட்படை 7 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வருபவர் என்றால் இயற்கைச் சுழற்சியில் முளையம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையால் உட்படை வளர்க்கும் முறையில் கர்ப்பகால இரத்த அழுத்தம் வரும் வாய்ப்புக் கூடுகிறது. இயற்கைச் சுழற்சிக்கு நாலைந்து ஸ்கேன் தேவைப்படலாம், ஆனால் அவற்றில் சிலவற்றை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ எடுத்து அனுப்ப வைத்தியர் சம்மதித்தால் அலைச்சல் குறையும். மாத்திரை முறையில் வைத்தால் கர்ப்பத்தைத் தாங்கும் ஹோர்மோனான புரொஜெஸ்டரோன்தான் உயிர்நாடி, ஏனெனில் அந்த மாதம் உங்கள் சூலகம் அதைச் சுரக்காது. முளையம் வைக்கும் நாளை ஒட்டி இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 10 நனோகிராமுக்குக் குறைந்தால் அளவைக் கூட்டுவார்கள். பரிசோதனை பொசிட்டிவ் என்றதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு வாரம் வரை தொடரும்.

மேலதிகமாக விற்கப்படும் சில சேவைகள் பற்றி. உட்படையைச் சுரண்டி விடுவது பலன் தரவில்லை என்று பெரிய ஆய்வு 2019இல் காட்டிவிட்டது. ஒட்டும் நாளைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் உட்படை மரபணுச் சோதனையும் அப்படியே. கொழுப்பு ஊசி, ஸ்டீரொயிட் எல்லோருக்கும் தேவையில்லை. முளையத்திலிருந்து 5 முதல் 10 கலம் எடுத்து நிறமூர்த்தம் எண்ணும் பரிசோதனை உண்மையான தகவலைத் தரும், ஆனால் அது முளையத்தைச் சிறப்பாக்காது, இருப்பதில் தேர்ந்தெடுக்க மட்டுமே உதவும். கையில் இரண்டே இருக்கும்போது தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. நிறமூர்த்தம் சரியென்று தெரிந்த முளையம்கூட ஒரு தடவையில் பத்துக்கு ஐந்தோ ஆறோதான் பிள்ளையாகிறது. கருப்பை சரியாக உள்ள பெண்களுக்கு அப்படிப்பட்ட முளையங்களை மூன்று தடவை வரை வைத்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிள்ளை கிடைத்திருக்கிறது. பணம் குறைவாக இருந்தால் சேவைகளைக் கூட்டுவதைவிட அடுத்த தடவைக்குச் சேர்த்து வைப்பதுதான் நல்லது.

வைத்த அன்று சிறிது நேரம் கழித்து எழுந்து போகலாம். கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருப்பவை, முளையம் அவற்றுக்கிடையே இருக்கும். சிறுநீர் கழிப்பதால், இருமுவதால், படி ஏறுவதால், ஹட்டன் வளைவுகளில் வேன் ஆடுவதால் அது விழாது. படுத்தே கிடந்தவர்களுக்கு வெற்றி கூடவில்லை, சில ஆய்வுகளில் குறைந்தே இருந்தது. மாமியிடம் இதை வைத்தியர் வாயாலேயே சொல்ல வைத்தால் வீட்டில் உங்களுக்கு நிம்மதி. பள்ளிக்கூடம் போகலாம், பாரம் மட்டும் தூக்க வேண்டாம். பழுத்த பப்பாசியும் அன்னாசியும் அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, காய்ப் பப்பாசி வேண்டாம். தேநீர் நாளுக்கு மூன்று கப்போடு நிறுத்துங்கள்.

ஐந்தாம் நாள் முளையம் வைத்தால் 9 முதல் 11ஆம் நாள் இரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹோர்மோனைப் பாருங்கள். அதற்கு முன் வீட்டில் சிறுநீர்ப் பட்டி வைத்துப் பார்ப்பது மனதைத்தான் வதைக்கும். பொசிட்டிவ் என்றால் 48 மணித்தியாலத்தில் இரண்டாம் முறை பார்த்து ஏற்றத்தைக் கணிப்பார்கள். இடையில் கொஞ்சம் இரத்தக் கசிவு கண்டால் புரொஜெஸ்டரோனை நிறுத்தாமல் நிலையத்துக்கு அழையுங்கள், கசிந்தும் தங்கிய கர்ப்பங்கள் ஏராளம். ஆறாம் வாரம் கழிந்ததும் ஸ்கேன் தவறக் கூடாது. கருப்பைக்குள் வைத்த முளையமும் சில வேளை குழாய்க்குள் போய் ஒட்டும். ஒரு பக்கக் கடும் வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் கொழும்புக்குப் புறப்பட வேண்டாம், காலை வரை பொறுக்கவும் வேண்டாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ, எது கிட்டவோ அங்கே உடனே போய், வாசலிலேயே "ஐ.வி.எஃப். செய்து இத்தனை நாள், எச்.சி.ஜி. இவ்வளவு" என்று சொல்லுங்கள். முளையம் வைத்த அறிக்கையின் பிரதி ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.